எந்த மலைக்குப் போவது?

"அக்கா, பிள்ளைகளுக்கு மலை காட்ட வேண்டும். எந்த மலைக்குப் போகலாம் என்று நீயே பார்த்து வை."

ஜெர்மனியிலிருந்து தங்கை தொலைபேசியில் இப்படிச் சொன்னது 2025 ஜூன் மாதத்தில். ஆகஸ்ட் விடுமுறைக்குக் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவள் வருவதாக இருந்தது. மூத்தவளுக்கு 11 வயது, இளையவனுக்கு 6. எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மலை தெரியும். மலைகளுக்கு நடுவே குடியிருப்பவளிடம் எந்த மலைக்குப் போகலாம் என்று கேட்டால் என்ன சொல்வது? "இங்கே மலைக்கா பஞ்சம், வந்து பார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் யோசனை வந்தது. எல்லோருமாகச் சேர்ந்தால் நாங்கள் 9 பேர். அதில் 6 வயதுப் பையனும் இருக்கிறான், 72 வயதில் முழங்கால் வலியோடு என் மாமியும் இருக்கிறார். இந்த இருவருக்கும் பொருந்துகிற மலை எது?

அடுத்த வாரம் அவள் அழைத்தபோது நானே கேட்டேன். "அங்கே நீங்கள் பனிச்சறுக்கு விளையாட மலைக்குப் போகிறீர்களே, எந்த மலை என்று எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?"

தங்கை இருப்பது டோர்ட்முண்ட் நகரில். ஜெர்மனியின் மிக உயர்ந்த மலையான சுக்ஸ்பிட்ஸ 2,962 மீற்றர். நமது பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். ஆனால் அது நாட்டின் தெற்கு மூலையில், ஆஸ்திரிய எல்லையில் இருக்கிறது. டோர்ட்முண்டிலிருந்து ஒரு பகல் முழுவதும் காரில் இருக்க வேண்டும். வேலையிடத்து நண்பர்கள் அந்தப் பக்கம்தான் போகச் சொன்னார்களாம். இவள் தெரிவு செய்தது விண்டர்பேர்க் என்ற சிறிய ஊர். அங்குள்ள காலர் ஆஸ்டன் மலை 842 மீற்றர்தான், நமது ஹந்தானையை விடவும் குறைவு. பனி போதாத நாட்களில் இயந்திரம் வைத்துப் பனி தூவுகிறார்கள். பெரிய மலை ஏறியவர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்களாம்.

"பிள்ளைக்கு உயரமான மலை எதற்கு அக்கா? விழுந்தால் எழும்ப ஏலுமான மலை போதும்" என்றாள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதன்முதலாகப் பழகும் பிள்ளைகளை நிற்கவைத்து மேலே கொண்டுபோக, தரையோடு நகரும் ஒரு பட்டி உண்டு. சறுக்காதவர்கள் உட்கார்ந்து சூப் குடிக்கச் சூடான மண்டபம் உண்டு. அவளுடைய மாமியார் அங்கேதான் நாள் முழுக்க இருப்பாராம். அதோடு, ஒவ்வொரு சரிவின் தொடக்கத்திலும் நிறப் பலகை வைத்திருப்பார்கள். நீலம் என்றால் இலகு. சிவப்பு என்றால் ஓரளவு பழகியவர்களுக்கு. கறுப்பு என்றால் நன்றாகத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்.

அந்த நிறப் பலகைதான் என் மனதில் நின்றது. நமது மலைகளில் அப்படிப் பலகை கிடையாது. ஹந்தானைக்கு என்ன நிறம்? நக்கிள்ஸுக்கு என்ன நிறம்? குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாமே பார்த்துப் பூசிக்கொள்ள வேண்டியதுதான். பூசாமல் போனதால் ஒருமுறை நாங்கள் பட்டது உண்டு. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

2013 டிசம்பர் விடுமுறை. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நக்கிள்ஸ் பக்கத்து நடைபாதை ஒன்றுக்குப் போனோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3. இரண்டு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம் என்றார்கள். நான் அதிகாலை 3 மணிக்கு எழும்பி 10 பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டினேன். வண்டி போகக்கூடிய இடம் முடிந்ததும் மாமி, "எனக்கு முழங்கால் சரியில்லை, சின்னவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்று வானிலேயே இருந்துவிட்டார். நாங்கள் நடந்தோம். பாதி வழியில் மழை பிடித்தது. மகன் அழத் தொடங்க, நான் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். உச்சி வரை போனது ஆண்கள் மூவர். அங்கே எடுத்த படம் சட்டம் போட்டு இன்றும் எங்கள் முன் அறையில் தொங்குகிறது. அதில் பெண் ஒருத்தியும் இல்லை.

இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் மாமி வானுக்குள். வெளியே மூடுபனி, சேறு, அட்டை. அருகே வீடு ஒன்றும் இல்லை. சாரதி முன் இருக்கையில் உறங்கிவிட்டாராம். இரவு வீட்டுக்கு வந்து போத்தல்களைக் கழுவும்போதுதான் பார்த்தேன், காலையில் மாமியின் கையில் நான் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் திறக்காமலே இருந்தது. இரண்டாம் நாள் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்றார் வைத்தியர்.

"ஏன் மாமி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை?" என்று கேட்டேன்.

"குடிச்சா எங்க போய் ஒதுங்குறது மகள்? எங்கம்மா காலையில ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சிட்டு மலைக்குப் போனா, பகலுக்கு வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் வாயில வைக்க மாட்டாங்க. எனக்கும் அதே பழக்கம்" என்றார்.

மாமி பிறந்தது மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில். தோட்டத்துத் தமிழில் 'மலைக்குப் போவது' என்றால் கொழுந்து பறிக்கப் போவது. நாம் விடுமுறைக்குத் தேடிப் போகிற சொல் அவர்களுக்கு வேலைக்குப் போகிற சொல். கொழுந்து பறிக்கும் பெண்களில் பலர் இன்றும் மலசலகூடம் இல்லாத மலைகளில்தான் நாளைக் கழிக்கிறார்கள். அவர்கள் தண்ணீரைக் குறைப்பதும் தொடர்கிறது.

அன்றிலிருந்து மலைக்குப் போகும் பேச்சு எழுந்தால் என் முதற்கேள்வி, அங்கே மலசலகூடம் இருக்கிறதா என்பதுதான். காட்சி, நீர்வீழ்ச்சி எல்லாம் பிறகு. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், நாம்தான் கேட்டு வைக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, நடக்க முடியாதவர் எங்கே உட்காருவார், உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்கு ஏதாவது தெரியுமா என்பது. வானுக்குள் இருத்திவிட்டுப் போவதை நான் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. மூன்றாவது கேள்வி சமையல் பற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீல மலைகள் என்று நான் பூசிக்கொண்டவற்றில் முதலாவது, மலையே அல்ல. பேராதனைத் தாவரவியற் பூங்காவைத்தான் சொல்கிறேன். கண்டியிலிருந்து 6 கிலோமீற்றர். 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்து ஓடுகிறது. 1821இல் அலெக்ஸாண்டர் மூன் தொடங்கிவைத்த பூங்கா இது. சமதரையில் அகலமான பாதைகள், நிழல், இருக்கைகள், மலசலகூடம் எல்லாம் உண்டு. பெரிய புல்வெளியில் பரந்து நிற்கும் ஜாவா அத்தியின் கீழ் மாமி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார், எழும்ப மனம் வராது. பிள்ளைகளுக்குத் தொங்குபாலமும், மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களும் போதும். தூரதேசத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்கு முதல் நாள் பயணக் களைப்பு தீர இதைவிட நல்ல இடம் இல்லை. சுற்றி நிற்கும் மலைகளை அங்கிருந்தே காட்டி, எது எந்த மலை என்று சொல்லி வைக்கலாம். ஒரு விடயம்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. தேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மறக்காமல் கொண்டுபோங்கள். தங்கை பிள்ளைகளின் ரிக்கெட்டுக்குக் கொடுத்த காசைப் பார்த்து மாமி அன்று முழுவதும் ஆறவில்லை.

இரண்டாவது, ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். நகரத்திலிருந்து 4 கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம். 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது. 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய உருளை இயந்திரங்கள் இருக்கின்றன. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் இருக்கின்றன. அவருடைய கல்லறை கண்டி மஹய்யாவையில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மேல் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டு மலைகளைப் பார்க்கலாம். படிக்கட்டு உண்டு என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் ஆறுதலாக ஏற வேண்டும். சரிவில் கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்க விரும்பினால் கேட்டுவிட்டு எடுங்கள். தங்கை மகள் கேட்காமல் எடுக்கப் போனாள். மாமி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், பிள்ளை கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

சிவப்பு என்று சொல்லக்கூடியவற்றில் அருகில் இருப்பது உடவத்தகலைக் காடு. தலதா மாளிகைக்குப் பின்புறம் 104 ஹெக்டேயர் காடு, நகரத்தின் நடுவே. வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல நடை. ஆனால் மழை பெய்த மறுநாள் போனால் அட்டை விடாது. அட்டை கடிப்பது நோகாது. இரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்துவதால் விழுந்த பிறகும் சற்று நேரம் வடியும், அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பிய்த்து எறியாமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். புறப்படும்போதே காலுறைமேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். குரங்குகளும் உண்டு, சாப்பாட்டுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

எல்கடுவைப் பக்கத்து செம்புவத்தைக் குளமும் பலரும் போகிற இடம். தேயிலை மலைகளுக்கு நடுவே ஊற்று நீரைத் தேக்கி உண்டாக்கியது. கண்ணுக்கு அழகு, ஆனால் ஆழம் 9 மீற்றருக்கு மேல். சின்னப் பிள்ளைகளின் கையை விடக்கூடாது என்பதால்தான் சிவப்பு. மாத்தளை ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்குப் போனால், அதைத் தாண்டி பிட்டவலைப் பத்தனை என்ற புல்வெளி வரும். நடை குறைவு, முடிவில் திடீரென்று நிலம் விழும் ஒரு விளிம்பு. சிறிய உலக முடிவு என்கிறார்கள். அந்த விளிம்புக்கு வேலி இருக்கிறதென்று நினைத்து யாரும் பிள்ளையை ஓடவிடாதீர்கள்.

கறுப்பு மலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, வேண்டாம் என்பதுதான். ஹந்தானை உச்சிகளில் பனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரியமாட்டார். வழி தவறிய குழுக்களை இரவில் தேடி மீட்ட செய்தி பத்திரிகைகளில் பல முறை வந்திருக்கிறது. நகரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக் கொல்லைபோல் தெரிவதுதான் அந்த மலையின் ஆபத்து. நக்கிள்ஸ் உச்சிகள் 1,800 மீற்றரைத் தாண்டுபவை. மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் உலக மரபுரிமை இடமானது அந்த மலைத்தொடர். வனத் திணைக்கள அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போவது சரியல்ல. பிள்ளைகள் வளர்ந்து கேட்டால் அப்போது அனுப்பலாம்.

கம்பளைக்கு மேலேயுள்ள அம்புலுவாவைதான் எங்கள் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. 1,087 மீற்றர் உயரத்து மலை, அதன்மேல் 48 மீற்றர் உயரக் கோபுரம், கோபுரத்தைச் சுற்றி வெளிப்புறமாக மேலே போகப் போக ஒடுங்கும் படிக்கட்டு. ஜெர்மனியில் இருக்கும்போதே தங்கை மகள் அதைக் கைபேசியில் பார்த்துவிட்டாள். அதற்குத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மலைக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. தோட்டம் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, சமயங்கள் நான்குக்கும் வணக்க இடங்கள் இருக்கின்றன. கோபுரத்து உச்சிப் படிகளுக்குத்தான் மறுப்பு. கைப்பிடிச் சுவர் தாழ்வு, ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் உரசித்தான் போக வேண்டும், காற்று வேறு. மலைக்கு நீலம், கோபுரத்துக்குக் கறுப்பு என்று சொன்னேன். முதற் சுற்றுவரை போய் வரலாம் என்று உடன்பாடாயிற்று. அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்த பிறகு, இரண்டாம் சுற்றுக்கு யாரும் கேட்கவில்லை.

நுவரெலியாவை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். 1,868 மீற்றர், குளிர் ஊர், பிள்ளைகளுக்குக் கிறகரி ஏரியும் உண்டு. ஆனால் கண்டியிலிருந்து 77 கிலோமீற்றர் மலைப்பாதை. ஒரே நாளில் போய்வர நினைத்தால் பிள்ளைகள் பார்ப்பது வானின் யன்னலைத்தான். தங்கிப் போகலாம், அதற்கும் ஏப்ரல் வசந்த காலத்தை விட்டு வேறு மாதம் பாருங்கள்.

மாதம் என்று சொன்னதும் மழைக் கணக்கு நினைவுக்கு வருகிறது. 2013இல் நாங்கள் விட்ட பெரிய பிழை அதுதான். நக்கிள்ஸ் ஒரு சுவர்போல நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அதன் மேற்குப் பக்கத்தில் மோதி மழையைக் கொட்டும், அப்போது கிழக்குப் பக்கம் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்றில் கிழக்குப் பக்கம் நனையும். நாங்கள் டிசம்பரில் கிழக்கே போனோம், வேறென்ன நடக்கும்? ஒக்டோபர், நவம்பரில் எந்தப் பக்கமும் உத்தரவாதமில்லை, பகலுக்குப் பிறகு இடியோடு மழை. கண்டியைச் சுற்றிப் போக ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை நல்லது. பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை அப்போது இல்லை என்பது நமது தலைவிதி. எந்த மாதமானாலும் காலை 6 மணிக்குப் புறப்பட்டுப் பகல் 2 மணிக்குள் மலையை விட்டு இறங்குவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைப்பாதை அப்படிப்பட்டது. வான் பேசும்போது விலையை மட்டும் பேசாமல், சாரதி மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவரா, முதல் நாள் இரவு உறங்கினாரா என்று கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். தாழ்ந்த கியரில் இறக்க வேண்டும். அதைச் சாரதியிடம் சொல்லப் பெண்களுக்கு என்ன உரிமை என்று நினைக்காதீர்கள், பின்னால் இருப்பது நம் பிள்ளைகள்.

நாங்கள் போய்வந்து நான்கு மாதம் ஆகுமுன்னே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களில் கண்டியிலேயே இழப்பு அதிகம். மண்சரிவில் வீடுகள் போயின, பாதைகள் அறுந்தன, ரயில் பாதையும் சேதமாயிற்று. ஆகையால் மேலே நான் சொன்ன எந்த இடத்துக்கும் போகுமுன், அந்த ஊரில் இருக்கும் ஒருவரிடம் பாதை எப்படி என்று கேட்டறியுங்கள். பலத்த மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுகிறது. அதற்கும் நிறம் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு மஞ்சள் வந்திருக்கும் நாளில் நாம் அங்கே உல்லாசமாகப் போவது எந்த வகையிலும் சரியில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

சமையல் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். இம்முறை நான் 3 மணிக்கு எழும்பவில்லை. பாணும் முட்டையும் வாழைப்பழமும் முதல் நாளே வாங்கியாயிற்று, சம்பல் இடித்தது என் மகன், சோற்றுப் பார்சல் வழியில் வாங்கினோம். இதைத் தங்கையின் கணவர்தான் முதலில் சொன்னார். அங்கே மலைக்குப் போகும் நாளில் வீட்டில் யாரும் சமைப்பதில்லையாம். உறங்கி எழும்பிய கண்ணோடு மலையைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

கடைசியாக எந்த மலைக்குப் போனோம்? பேராதனை, ஹந்தானை, அம்புலுவாவை எல்லாம் பார்த்து முடித்து ஒரு நாள் மிச்சமிருந்தது. பிள்ளைகள் நக்கிள்ஸைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். உள்ளே போவது கறுப்பு. போகாமல் பார்க்க ஒரு இடம் வேண்டும். அப்போது இத்தனை நாளும் ஒன்றும் சொல்லாதிருந்த மாமி, "மடுல்கலையில நின்னா அஞ்சும் தெரியும்" என்றார்.

வத்தேகமை, பன்வில வழியாகப் போனோம். தூரம் 30 கிலோமீற்றருக்குள்தான், வளைவுகளால் ஒன்றரை மணி நேரம். இளையவன் பன்வில தாண்டியதும் ஒருமுறை வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றோடும் கூடாது, நிறைந்த வயிற்றோடும் கூடாது, முன் இருக்கையில் யன்னலைத் திறந்து இருத்தி ஒரு துண்டு இஞ்சி கொடுத்தால் அடங்கும். ஆகஸ்ட் மாதமென்பதால் மேற்குப் பக்கத்தில் மழைக்கு இடமிருந்தது, அதனால்தான் 6 மணிக்கே கிளம்பியது. போய்ச் சேரும்போது வானம் வெளித்திருந்தது.

மடித்த கையின் முட்டிகளைப்போல இருப்பதால்தான் வெள்ளைக்காரர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் தும்பர. இளையவன் தன் கையை முட்டியாக மடித்து மலைக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினான். நாலுக்கு மேல் எண்ண முடியவில்லை, ஐந்தாவதை முகில் மூடிக்கொண்டுவிட்டது. "பெரியம்மா, இந்த மலை என்ன நிறம்?" என்று என்னிடம் கேட்டான். நான் யோசிப்பதற்குள் மாமி, "பச்சை" என்றார்.

மாமி பிறந்த லயத்தில் இப்போது வேறு ஆட்கள். கோயில் அப்படியே இருக்கிறது, கூரை மட்டும் புதிது. மாமி ஒவ்வொரு சரிவையும் காட்டி, அதற்கு அந்தக் காலத்தில் தோட்டத்தார் வைத்திருந்த இலக்கத்தைச் சொன்னார். எது செங்குத்து, எதில் மழைநாளில் வழுக்கும், எதில் நின்றால் நிழல் இல்லை என்று எல்லாம் நினைவிருந்தது. அவருடைய அம்மா கூடையோடு ஏறிய சரிவொன்றைக் காட்டியபோது தங்கை மகள் மெதுவாகச் சொன்னாள், அது அங்கே என்றால் கறுப்புப் பலகை வைக்கும் சரிவு என்று. நான் அதை மாமிக்குச் சொல்லவில்லை.

கோயிலடியில் நின்ற எங்களைப் பார்த்து ஒரு வீட்டுப் பெண் உள்ளே கூப்பிட்டார். நாங்கள் 9 பேர், அவர் வீட்டில் கோப்பை 6. முறைவைத்துக் குடித்தோம். பிஸ்கட் பெட்டியைத் தங்கை கொடுக்க, வாங்க மறுத்துப் பிறகு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் சீமெந்து பூசிய மலசலகூடம், வாளி நிறையத் தண்ணீர், சவர்க்காரம் எல்லாம் இருந்தன. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து மாமியின் காதில் சொன்னேன்.

மாமி வாசற்படியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு கோப்பை ஊற்றவா என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஊத்துங்க மகள்" என்றார் மாமி.